ஏழு கண் பாலத்துக்கு ஓர் ஆட்சேபணை

காரைக்கால் பக்கம் விழிதியூருக்குப் போகிற வழியில் வாய்க்காலின் மேல் இருக்கும் பாலத்துக்கு ஏழு கண் பாலம் என்று பெயர். இறங்கி எண்ணினால் ஐந்து கண்தான் இருக்கும். மீதி இரண்டும் வண்டலில் புதைந்துவிட்டன என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது ஞாபகார்த்தமாக இரண்டைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான் என்று நான் சொல்வேன். ஊர் என் பேச்சைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நான் தெட்சிணாமூர்த்தி. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில், பழைய ஆட்கள் இன்னும் மேரி என்கிறார்களே, அங்கே முப்பத்தாறு வருஷம் எழுத்தர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் பிடித்த விரால் மீன் ஒவ்வொரு வருஷமும் ஒரு சாண் வளரும். என் மனைவி நீலாயதாட்சி, நான் எதைச் சொன்னாலும் நாலால் வகுத்துத்தான் காதில் போட்டுக்கொள்வாள். நீங்களும் அப்படியே செய்யலாம். வகுக்கக் கூடாத இடம் ஒன்று வரும். அங்கே நானே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு காலை, தலத்தெரு முனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ராஜ்மோகன் வந்தான். ஒரு கட்சிக்கு நகரச் செயலாளர். அவன் சட்டை வெளுப்பில் கண் கூசி, எதிர்ச் சாரியில் படுத்திருந்த நாய் எழுந்து நிழலுக்குப் போயிற்று. கையில் ஒரு கோப்பு.

"ஐயா, நீங்கதான் காப்பாத்தணும்."

"யாருக்குடா உடம்பு சரியில்ல?"

"தலைவருக்கு நூற்றாண்டு வருதுங்கய்யா. நம்ம ஏழு கண் பாலத்துக்கு 'தலைவர் கருப்பையன் பாலம்'னு பேரு வைக்கச் சொல்லி மனு போடுறோம். எல்லாம் பூர்த்தி பண்ணியாச்சு. இந்த ஏழாவது கட்டம் மட்டும் காலியாக் கெடக்கு."

வாங்கிப் பார்த்தேன். 'தலைவருக்கும் மேற்படி பாலத்துக்கும் உள்ள தொடர்பு' என்று அச்சிட்டிருந்தது. கருப்பையன் பாண்டிச்சேரியில் இரண்டு தடவை மந்திரியாக இருந்து காலமானவர்.

"அவரு இந்தப் பக்கம் வந்திருக்காராடா?"

"காரைக்காலுக்கு நாலு தடவ வந்திருக்காருங்கய்யா. அதுல மூணு தடவ கல்யாணத்துக்கு."

"நாலாவது?"

"அது மாப்ள அழைப்பு."

கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது போதும். ஒன்பது பேர் பார்த்தால் எனக்குத் தொண்ணூறு பேர் பார்த்த மாதிரி. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "எழுபத்தேழு புயல் ஞாபகம் இருக்கா?" என்றேன். ராஜ்மோகன் பிறந்ததே அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான். "இருக்குங்கய்யா" என்றான்.

அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. புயலடித்த மறுநாள் காலை. பாலத்துக்கு மேல் இடுப்பளவு வெள்ளம். நடுப்பாலத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. அக்கரையில் வந்து நின்ற தலைவர் கைலியைத் தார்ப்பாய்ச்சாகக் கட்டுகிறார். தாம்புக்கயிற்றை இடுப்பில் சுற்றி, மறு நுனியைத் தென்னை மரத்தில் முடிச்சுப் போடுகிறார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார். மடையோரம் கோரையில் சிக்கிக் கிடந்த பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுகிறார். சொல்லி முடித்தபோது கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீக்கு எவரிடமும் காசு வாங்கவில்லை.

எங்கே தப்புப் பண்ணினேன் என்று கவனித்திருப்பீர்கள். கருப்பையன் வாழ்நாளில் வேட்டி தவிர வேறெதுவும் கட்டியதில்லை. அவர் எதற்கு பிஸ்மில்லாஹ் சொல்லப் போகிறார்? உண்மையில் நடந்ததை அப்படியே எடுத்து, ஆளை மட்டும் மாற்றிவிட்டேன். கைலியை மாற்ற மறந்துபோனேன்.

கட்சிக்காரர்களுக்கு அது உறைக்கவில்லை. உறைக்காதது மட்டுமா, தூக்கிக் கொண்டாடினார்கள். 'பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிரவாகத்தில் பாய்ந்த நல்லிணக்க நாயகர்' என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். ஐயாயிரம் நோட்டீஸ். நாலால் வகுக்காதீர்கள், நிஜமாகவே ஐயாயிரம். கீழே 'நேரில் கண்ட சாட்சி: திரு. தெட்சிணாமூர்த்தி, ஓய்வு பெற்ற எழுத்தர்' என்று என் பெயர். பாலத்தில் வைக்கப்போகும் கல்லிலும் இதே கதையை வெட்டப்போவதாகவும், விழா மேடையில் எனக்கு மூன்றாவது நாற்காலி என்றும் ராஜ்மோகன் சொன்னான். வீட்டில் நான் மூன்றாவது நாற்காலியில் உட்காருவது எப்படி என்று பழகிப் பார்த்தேன். கால் மேல் கால் போடலாமா கூடாதா என்பதில் இரண்டு நாள் யோசனை.

மூன்றாம் நாள் அப்துல் லத்தீப் வந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் எனக்கு லத்தீப் நானா, அதாவது அண்ணன். சின்ன வயதில் லாஞ்சியில் கப்பல்காரராக இருந்தார். பிறகு முப்பது வருஷம் குவைத். இப்போது தலத்தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். சட்டைப் பையில் அந்த நோட்டீஸை நாலாக மடித்து வைத்திருந்தார்.

"வாங்க நானா" என்றாள் நீலா. நான் சொல்லவில்லை.

அவர் உட்கார்ந்து நோட்டீஸைப் பிரித்து மடியில் நீவிவிட்டார். "தெட்சிணா, கைலி கட்டுன மந்திரிய நான் இன்னிக்கித்தான் கேள்விப்படுறேன். பச்சக் கட்டமா, நீலக் கட்டமா? அதையும் போட்டிருக்கலாம்ல."

"நானா, அது வந்து..."

"கயிறு, தென்ன மரம், கோர, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒன்ன மட்டும் விட்டுட்டியே. மந்திரி திரும்பப் பாலத்துக்கு வந்து, கல்லக் கட்டிப்புடிச்சிக்கிட்டு அழுதுகிட்டிருந்த ஒரு ஆளு கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டாரே. அத ஏன் எழுதல?"

நீலா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கன்னம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே ஓட்டைத் தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி கேட்டது.

"உங்க பேர வைக்கச் சொல்லி மனு போடட்டுமா நானா?" என்றேன்.

"எதுக்கு? அந்தப் பாலம் இன்னும் ரெண்டு மழை தாங்காது. அப்புறம் 'அப்துல் லத்தீப் இடிந்து விழுந்தது'ன்னு பேப்பர்ல போடுவான். எனக்கு வேணாம்ப்பா."

காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அதைச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பேத்தி ஆஃப்ரின் இத எனக்குப் படிச்சிக் காட்டுனா. படிச்சிட்டுக் கேட்டா, 'அப்ப நீங்க எங்ககிட்ட சொன்னதெல்லாம் மந்திரி கதையா?'ன்னு. இது அச்சுல வந்துருச்சுல்ல. இனிமே நான் சொன்னதுதான் பொய்."

அவர் தெரு முனை திரும்புகிறவரை நீலா வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து காப்பி டம்ளரை எடுத்தாள்.

"அவரு பேரன் பேத்திக்கிட்டப் பொய்யனாப் போயிட்டாரு. யாரால?"

"நீலா, அது ஒரு விளையாட்டா..."

"என்னத் தூக்குனது லத்தீப் நானா. ஆறு மாசக் கர்ப்பம் நான். அவருக்கு அன்னிக்குப் புடிச்ச தோள் வலி இன்னும் இருக்குன்னு அவரு வீட்டு ஆஸியா அக்கா சொல்லுது. நீங்க என்னை எடுத்து ஒரு மந்திரி தோள்ல வச்சிட்டீங்க. மார்க்கெட்ல கேக்குறாங்க, 'தலைவரு தூக்குனது உங்களத்தானாமே'ன்னு. நான் என்ன சொல்ல, அவரு தோள் நல்லா இருந்துச்சுன்னு சொல்லவா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆட்சேபணை சொல்ல வெள்ளிக்கிழமை கடைசின்னு பேப்பர்ல போட்டிருக்கு. போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க. நீங்க எழுதலேன்னா நான் எழுதுவேன்."

வகுக்கக் கூடாத இடம் என்று சொன்னேனே, அது இதுதான்.

எழுபத்தேழு புயலுக்கு மறுநாள் காலை விழிதியூரில் எங்கள் வீட்டுக்கு மேலே கூரை இல்லை. நீலாவைத் தலத்தெருவில் இருந்த என் அக்காள் வீட்டில் விட்டுவரலாம் என்று கிளம்பினேன். பாலத்தின் மேல் தண்ணீர் முழங்காலளவுதான் இருந்தது. பாதி தூரம் போனபோது இடுப்பளவு ஆயிற்று. அந்தக் காலத்தில் பாலத்துக்குச் சுவர் கிடையாது, ஓரத்தில் கல்தூண்கள்தான். இடது கையால் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். வலது கையில் நீலாவின் கை. தண்ணீர் ஒரு தடவை தள்ளியது. அவள் கால் நழுவியது. நான் இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டேன்.

அவ்வளவுதான். இரண்டு கையாலும். அதற்கு வலது கை வேண்டியிருந்தது, அதில் இருந்த அவள் கையை விட்டேன்.

வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போயிற்று என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னேன். நானா அப்படித்தான் நம்பினார். தன் உம்மாவின் தோப்பைப் பார்க்க வந்தவர் அக்கரையிலிருந்து பார்த்தபோதே அவள் தண்ணீரில்தான் கிடந்தாள். நீலா என்ன நம்பினாள் என்று நான் கேட்டதில்லை. நாற்பத்தெட்டு வருஷம், ஒரு மகள், இரண்டு பேரப்பிள்ளைகள், தினமும் மூன்று வேளைச் சாப்பாடு. எவ்வளவோ பேசியிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். நான் உட்கார்ந்த மேஜையில் இப்போது மதிவதனி என்ற பெண் இருக்கிறாள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"வாங்க சார். விழா அழைப்பிதழா?"

"இல்லம்மா. ஆட்சேபணை."

"யாரு சாட்சி மேல சார்?"

"என் மேலதான்."

அவள் படிவத்தைத் தேடி எடுத்தாள். நான் பணியில் இருந்தபோது இல்லாத புதுப் படிவம். முதல் பாதி சுலபமாக வந்தது. தலைவர் அங்கே வரவில்லை, தூக்கியவர் அப்துல் லத்தீப், நோட்டீஸில் உள்ள சாட்சியம் தவறு. இரண்டாம் பாதியில் ஒரு கட்டம் இருந்தது: 'முன்னர் தவறான தகவல் அளித்ததற்கான காரணம்.'

'ஞாபக மறதி' என்று எழுதி நீட்டினேன்.

மதிவதனி பார்த்தாள். "சார், மறதின்னு எழுதினா டாக்டர் சர்டிபிகேட் வைக்கணும்."

"எந்த டாக்டர்?"

"மூளை டாக்டர்."

அதை அடித்தேன். 'நகைச்சுவைக்காக' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவள் மெதுவான குரலில் சொன்னாள்: "அரசாங்க மனுவில நகைச்சுவைக்காகப் பொய் சொன்னேன்னா வழக்குப் போடலாம் சார். உண்மையான காரணம் இருந்தா எழுதுங்க. இல்லன்னா மனுவை வாங்க முடியாது."

புதிதாக மூன்று படிவம் கொடுத்தாள். மர பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். முதல் தடவை வெள்ளம் பனைமர உயரத்துக்கு வந்தது. இரண்டாம் தடவை ஒரு மலைப்பாம்பும் கூட வந்தது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பழக்கம் அப்படி. மூன்றாவது படிவத்தையும் கெடுக்க வெட்கமாக இருந்ததால், கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஏழே வரி வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மிச்சமிருந்த படிவத்தில் எழுதினேன். நான் எழுதியதிலேயே நீளம் குறைந்த மனு அதுவாகத்தான் இருக்கும்.

இதற்குள் ராஜ்மோகனுக்கு எப்படியோ தெரிந்து போன் வந்தது. "ஐயா, பந்தக்கால் நட்டாச்சு. கல்லுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. உங்களுக்கு ரெண்டாவது நாற்காலியே தர்றேன்."

இரண்டாவது நாற்காலி. பொய் சொல்வானேன், ஒரு நொடி யோசித்தேன்.

"வேணாம்டா" என்றேன்.

மதிவதனி முத்திரை குத்தினாள். "சார், பேரு மாறாது. அது மேலேயே முடிவாகிட்டு. ஏழாவது கட்டத்த மட்டும் எடுத்துடுவாங்க. கல்லுல பேரும் தேதியும் மட்டும் வரும்." தயங்கினாள். "இன்னொண்ணு. வந்த ஆட்சேபணைய வெளிப் பலகையில ஏழு நாள் ஒட்டணும். விதி."

எனக்குத் தெரியாதா அந்த விதி? முப்பத்தாறு வருஷம் ஊராரின் சண்டையையும் சச்சரவையும் அந்தப் பலகையில் பசை தடவி ஒட்டியது நான்தானே. "ஒட்டும்மா" என்றேன். என் கண் முன்னால் ஒட்டினாள். நாலு மூலையும் நன்றாகப் படிந்தது.

திங்கட்கிழமை, எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வந்தது. தெட்சிணாமூர்த்தி ஆட்சேபணை எழுதியிருக்கிறான் என்றதும் சிரிக்கத் தயாராக வந்தார்கள். தருமபுரத்திலிருந்து ஒருவர் வாயில் வெற்றிலையோடு சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. பின்னால் நின்றவருக்கு இடம்விட்டு நகர்ந்தார். இப்படி ஒவ்வொருவராக. நான் ஊரைச் சிரிக்க வைத்து எத்தனையோ வருஷம். நான் எழுதியதைப் படித்து ஊர் வாய் மூடியது அன்றைக்குத்தான். படித்துவிட்டுத் திரும்பியவர்கள் என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் லத்தீப் நானா இறங்கினார். பின்னால் ஆஃப்ரின், கல்லூரிப் பையோடு. அதற்கும் பின்னால் நீலா. அவள் அந்த அலுவலகத்துக்கு என் சம்பள நாளில்கூட வந்ததில்லை.

நானா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார். "படி."

"ஆஃப்ரின் படிக்கட்டுமே நானா."

"அவ அத அச்சுல படிச்சா. இத நீ படி."

பலகைக்கு முன்னால் நின்றேன். என் கையெழுத்து எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. படித்தேன்.

"எழுபத்தேழாம் ஆண்டுப் புயலுக்கு மறுநாள் ஏழு கண் பாலத்தில் என் மனைவியைக் காப்பாற்றியவர் தலத்தெரு அப்துல் லத்தீப். தலைவர் கருப்பையன் அங்கே வரவில்லை."

ஆஃப்ரின் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிறுத்தினேன்.

"இன்னும் இருக்குல்ல?" என்றார் நானா.

"தவறான தகவல் அளித்ததற்கான காரணம்" என்று ஆரம்பித்தேன். குரல் இறங்கிவிட்டது.

"சத்தமாப் படி."

"அன்று நான் என் மனைவியின் கையை விட்டுவிட்டேன். தண்ணீர் பிடுங்கவில்லை. நானாகவே விட்டேன்."

நானா திரும்பி நீலாவைப் பார்த்தார். நானும் பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. பலகையில் மூலை உரிந்த பழைய டெண்டர் நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து நீலாவின் குரல் வந்தது. உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரல்.

"தெரியும். மேல படிங்க."

அதை மறைக்கத்தான் இத்தனை வருஷமும் கதை கட்டினேன் என்கிற இரண்டு வரி இன்னும் இருந்தது. படித்தேன்.